மூன்று கோட்பாடுகளும் ஒரு பெற்றோல் கியூவும்

கேள்வி: பகலில் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வெளிவாரிப் பட்டத்துக்கு மெய்யியல் எடுத்திருக்கிறேன். பயன்பாட்டுவாதம், கான்டின் கடமைக் கோட்பாடு, அரிஸ்டோட்டிலின் நற்பண்புக் கோட்பாடு மூன்றையும் ஒப்பிடும்படி ஒரு ஒப்படை தந்தார்கள். மூன்றையும் ஒழுங்காக விளக்கித்தான் எழுதினேன். "விபரித்திருக்கிறீர்கள், ஒப்பிடவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. எப்படித்தான் ஒப்பிடுவது? எது சரி என்று முடிவும் சொல்ல வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பயன்பாட்டுவாதத்தை முன்வைத்த பெந்தமுக்கு இரண்டு பக்கம், கான்டுக்கு இரண்டு பக்கம், அரிஸ்டோட்டிலுக்கு இரண்டு பக்கம், கடைசியில் "இவ்வாறு மூன்றும் வேறுபடுகின்றன" என்று ஒரு வரி. அநேகமாக அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். நானும் படிக்கும் காலத்தில் அப்படி எழுதிக் குட்டு வாங்கியவன்தான்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து மூன்று பேரிடமும் கொடுங்கள். பிறகு அந்தச் சம்பவத்தில் ஒவ்வொரு விவரமாக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றும்போது யாருடைய பதில் அசைகிறதோ, அதைத்தான் அந்தக் கோட்பாடு கவனித்துக்கொண்டிருக்கிறது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொழும்பில் இருந்தவர்கள் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் கியூ நின்றது. செட்டில் வேலை செய்பவர் உங்கள் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்வோம். "ராவைக்குப் பின்பக்கமா கேனைக் கொண்டு வாங்கோ, அஞ்சு லீற்றர் தாறன்" என்கிறார். போகலாமா?

1789இல் தன் நூலை வெளியிட்ட பெந்தம் இதைக் கணக்காகப் பார்ப்பார். உங்களுக்குக் கிடைக்கும் நன்மை, கியூவில் நிற்பவர்களுக்கு வரும் நட்டம், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என்ன மிஞ்சும்? கணக்கு எழுதுகிறவரான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கான்டிடம்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "எல்லோரும் இப்படிச் செய்தால் நாடு குட்டிச்சுவராகும், ஆகவே கூடாது" என்று எழுதிவிட்டு அதைக் கான்ட் என்கிறார்கள். அது விளைவைப் பார்க்கிற பேச்சு; கான்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெந்தம் பேசுகிறார், அவ்வளவுதான். 1785இல் கான்ட் கேட்டது வேறு. என் செயலுக்குப் பின்னால் உள்ள விதியை எல்லோருக்கும் பொதுச் சட்டமாக்க முரண்பாடில்லாமல் விரும்ப முடியுமா? பின்கதவால் பயன் வருவதே மற்றவர்கள் முன்னால் நிற்பதால்தான். எல்லோரும் பின்பக்கம் வந்தால் அங்கேயும் ஒரு கியூ. குறுக்குவழி என்று ஒன்று இருக்காது. ஆக, ஊருக்கெல்லாம் விதி இருக்க வேண்டும், எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நான் விரும்புகிறேன். குற்றம் அந்த விருப்பத்துக்குள்ளேயே இருக்கிறது. நட்டம் வருமா வராதா என்று பார்க்கும் முன்பே அது தெரிந்துவிடுகிறது.

அரிஸ்டோட்டில் ஆளைப் பார்ப்பார். தன் பங்குக்கு மேல் எடுக்கும் குணத்தை அநீதியின் முக்கிய அடையாளமாக அவர் பேசுகிறார். இன்றிரவு கேனோடு போகிறவர், இப்படியே நாலு தடவை போனால் எப்படிப்பட்டவர் ஆவார்? நற்பண்பு மிகைக்கும் குறைவுக்கும் இடையிலான "நடுநிலை" என்கிறார் அவர்; அதைப் பாதி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐந்துக்குப் பதில் இரண்டரை லீற்றர் வாங்குவது அரிஸ்டோட்டிலின் நற்பண்பாகாது! களவு, கொலை போன்றவற்றுக்கு நடுநிலையே கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, இனி விவரங்களை மாற்றுவோம். நீங்கள் போனது ஒருக்காலும் யாருக்கும் தெரியவராது என்று வையுங்கள். கியூ மீதான நம்பிக்கை உடையும் என்ற பெரிய செலவு பெந்தமின் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. அவர் அசைகிறார், மற்ற இருவரும் அசைவதில்லை. இங்கே பயன்பாட்டுவாதிகளில் ஒரு சாரார் குறுக்கிட்டு, ஒவ்வொரு செயலாகக் கணக்குப் பார்க்காதே, நல்ல பலன் தரும் விதியைப் பார் என்பார்கள். அதற்கும் உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. வாகனத்துக்கு வாரம் இவ்வளவுதான் என்று பெற்றோலைப் பங்கிட்ட கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். யாருடைய தேவை பெரிது என்று அந்த விதி கேட்கவில்லை. ஆனாலும் கியூ குறைந்தது.

அடுத்து, பெற்றோல் சுற்றுலாவுக்கு இல்லை, அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக. பெந்தம் உடனே அசைவார். கான்ட் அசையமாட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள், அது பிழை. நோக்கம் மாறினால் விதியே மாறுகிறது. "உயிருக்கு ஆபத்தான நோயாளியின் வாகனத்தை முன்னே விடலாம்" என்பதை எல்லோருக்கும் சட்டமாக்கலாம். ஆனால் அந்தச் சட்டப்படி நீங்கள் பகலில் முன்வாசலில் போய்க் கேட்க வேண்டும்; இரவில் கேனோடு பின்னால் போவதை அது காப்பாற்றாது. இந்த ஒரு வித்தியாசத்தை எழுதினாலே விடை எடுபடும்.

அம்மாவுக்குப் பதில் முன்பின் தெரியாத ஒருவரின் அம்மா என்றால்? பெந்தமுக்கு இருவரும் ஒன்றுதான். நமக்கு அங்கேதான் இடிக்கிறது. அரிஸ்டோட்டில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியது வேறு, பிறருக்குச் செய்ய வேண்டியது வேறு என்பார்.

கடைசியாக, "எங்க எடுத்தனீங்கள்?" என்று பக்கத்து வீட்டார் கேட்க, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்கிறார். வள்ளுவர் அப்படி இறுக்கவில்லை; "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறார். இதை வைத்து வள்ளுவரைப் பயன்பாட்டுவாதி ஆக்கிவிடும் விடைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். "புரைதீர்ந்த", அதாவது குற்றமற்ற, என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். மொத்த நன்மை கூடினால் போதும் என்று குறளில் இல்லை.

முடிவு சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் சொல்லுங்கள். "மூன்றிலும் நல்லது உண்டு" என்று நழுவுவதற்குப் புள்ளி கிடைக்காது. என் சாய்வு பிரித்தானிய மெய்யியலாளர் டபிள்யூ. டி. ரொஸ் பக்கம். வாக்குக் காப்பது, நன்றி, நீதி, பிறருக்குத் தீங்கு செய்யாமை எனக் கடமைகள் பல உண்டு, அவை மோதும்போது தீர்க்க ஒற்றைச் சூத்திரம் கிடையாது என்று 1930இல் எழுதியவர். நீங்கள் அவரோடு நிற்கத் தேவையில்லை. கான்ட் பக்கமே நின்றாலும் சரி. ஆனால் அந்தக் கொலைகாரன் உதாரணத்தில் உங்களுக்கு எங்கே உறுத்துகிறது என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்துகிறவர் சிவப்பு மையில் எழுதுவார்.