பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர்

கேள்வி: துளசி, ரோஸ்மேரி குச்சி வேர் பிடிக்க சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடி வாங்கினேன். நட்ட குச்சியெல்லாம் அடி கறுத்து அழுகிவிட்டது. பாக்கெட்டில் தேதியே இல்லை. கடைக்காரர் “மண்ணு சரியில்லம்மா” என்கிறார். (வாசகி, திருநகர்)

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. தேதி இல்லாத சரக்கை விற்றவருக்கு மண்ணைக் குறை சொல்ல வாயில்லை. பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆத்திரம் உண்டு. பொடியின் டால்க் மாவில் கலந்திருக்கும் பாக்டீரியா மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் சாகும். மதுரையின் சித்திரை வெயிலில் அதைக் கடை வாசலில் அடுக்கி வைக்கிறார்கள்! நான் டவுனில் வாங்கிய அசோஸ்பைரில்லம் (வேரைத் தூண்டும் பாக்டீரியா) பாட்டிலில் விலை ஸ்டிக்கரை உரித்தால், அடியில் முடிந்துபோன கெடு தேதி. கடையில் திருப்பி எடுக்கவில்லை. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி திரவ அசோஸ்பைரில்லத்தில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிர்ச் செல் இருக்க வேண்டும். காசு அதற்குத்தான் கொடுக்கிறோம், பாட்டிலுக்கு இல்லை.

கேள்வி: ஓமவல்லிக்கும் இந்தப் பொடி வேண்டுமா? (உசிலம்பட்டி)

பதில்: வேண்டாம். ஒடித்து ஊன்றினாலே வரும்.

கேள்வி: சூடோமோனாஸோடு காப்பர் ஆக்சிகுளோரைடும் (தாமிரப் பூஞ்சைக்கொல்லி) கலந்து குச்சியை முக்கினேன். ஒன்றும் தேறவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஆனையூர்)

பதில்: கிடைக்காது. தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும். வாங்கும்போது கேட்டிருக்கலாம், பாக்கெட்டைத் திருப்பியாவது படித்திருக்கலாம். இதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்?

கேள்வி: எதை வாங்குவது, எப்படி முக்குவது? (மேலூர்)

பதில்: அசோஸ்பைரில்லம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து வேரைத் தூண்டும். சூடோமோனாஸ் அழுகல் பூஞ்சையை அண்டவிடாது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேளுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலும் விசாரிக்கலாம். சூடோமோனாஸ் பொடி என்றால் லிட்டருக்கு 10 கிராம், அரை மணி நேரம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை முந்தின ராத்திரியே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். பூக்காத இளங்குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு முக்குங்கள். அப்புறம் நிழல்தான், புதுத் துளிர் வந்து நிலைக்கும்வரை மொட்டை மாடிக்கு ஏற்றாதீர்கள்.