சாந்தோஸ் என்ற பெயரும் வரிக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

துபாயில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ நண்பர்களின் பெயர்கள் சாந்தோஸ், குரூஸ், ரேயெஸ் என்றே இருக்கின்றன. ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. 333 ஆண்டு ஸ்பானிய ஆட்சி அவர்களது பழைய சமூகத்தை அடியோடு அழித்துப் புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டது என்று கொள்ளலாமா?

க., துபாய்

அன்புள்ள க.,

பெயர்களில் ஸ்பானிய ரத்தத்தைத் தேடவேண்டாம். ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர் மக்கள் சாந்தோஸ் (புனிதர்), குரூஸ் (சிலுவை) என்று பக்தியோடு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் நூறு சாந்தோஸ் இருந்தால் வரி கட்டியவர் யார், ஏய்த்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1849இல் ஆளுநர் கிளாவேரியா குடும்பப் பெயர்களின் பட்டியலையே அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார். பட்டியலை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததில், சில ஊர்களில் ஏறக்குறைய எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கின!

'அடியோடு அழித்து' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபு தீவில் இறங்கியபோது அங்கே தாத்து என்ற தலைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே சுதந்திரக் குடிகளும், பெரும்பாலும் கடனால் அடிமைப்பட்ட அலிப்பின்களும் இருந்தார்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஸ்பானியர்கள் இத்தனை தீவுகளில் வீடு வீடாகப் போய் வரி வாங்க முடியுமா? தாத்துவையே வரி வசூலிக்கும் 'கபேசா' ஆக்கினார்கள். அவருக்கு வரியும் கிடையாது, கட்டாய உழைப்பும் கிடையாது. மற்ற ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் போகவேண்டும். அது 15 நாளாகக் குறைந்தது 1884இல்தான். ஊர் பொதுவில் உழுத நிலத்தைத் தன் சொந்தம் என்று தாத்து எழுதிக்கொண்டதும், துறவியர் சபைகளுக்கு விற்றதும் இந்தக் காலத்தில்தான். மேலே இருந்தவன் மேலேயே இருந்தான், கையில் பத்திரத்தோடு.

1815 வரை மணிலா வாழ்ந்தது விளைச்சலால் அல்ல, கப்பலால். சீனப் பட்டு மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குப் போகும், மெக்சிகோ வெள்ளி திரும்பி வரும். நம் சோழமண்டலக் கரைத் துணியும் அந்தக் கப்பல்களில் ஏறியது. உள்நாட்டுக் கிராமத்தான் அறிந்த ஸ்பானியர் அநேகமாகப் பாதிரியார் ஒருவர்தான்.

கிராமத்தின் பிழைப்பையே புரட்டிப்போட்ட மாற்றம் மிகப் பிந்தி வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள்கூட அல்லர். 1834இல் மணிலாவும் 1855இல் பனாய் தீவின் இலோயிலோ துறைமுகமும் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. இலோயிலோ தறிகளின் ஊர். அன்னாசி நாரிலும் பட்டிலும் பெண்கள் நெய்த துணி தீவெங்கும் விலைபோனது. 1856இல் பிரிட்டிஷ் துணைத் தூதராக அங்கே வந்த நிக்கலஸ் லோனி வியாபாரியும்கூட. உள்ளூர்க் கோலங்களையே பார்த்து நெய்த மான்செஸ்டர் துணியை மலிவாக இறக்கினார். வெறுங்கப்பல் திரும்பக்கூடாதல்லவா, அதில் சர்க்கரையை ஏற்றினார். இரும்பு ஆலைகளைக் கடனுக்குக் கொடுத்தார், லாபம் வந்தபின் கட்டினால் போதும் என்று. துணி வியாபாரத்தில் கொழித்திருந்த சீனக் கலப்பினக் குடும்பங்கள் தறியை விட்டுவிட்டு எதிர்க்கரையிலிருந்த நேக்ரோஸ் தீவில் கரும்பு போடப் போயின. அங்கே காடு திருத்தி உழுதுகொண்டிருந்த சிறு விவசாயிகளில் பலர் கடனுக்கும் பத்திரத்துக்கும் நிலத்தைப் பறிகொடுத்து, அதே நிலத்தில் வாரக்குடிகளாகவும் கூலிகளாகவும் ஆனார்கள்.

பழைய அலிப்பினைக் கட்டியிருந்ததும் கடன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் நண்பர்களில் யாராவது நேக்ரோஸ்காரராக இருந்தால், 'சக்காதா' என்றால் யார் என்று கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் கடல் தாண்டி வந்து கரும்பு வெட்டிப்போகும் கூலிக்கு அங்கே அதுதான் பெயர்.