கண்மாய்களை வரைபடத்தில் காட்ட எந்த மென்பொருள்?

கேள்வி: மதுரை மாவட்டக் கண்மாய்களைப் பற்றி எங்கள் தன்னார்வக் குழுவிடம் நானூறு வரிசைகள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. பெயர், ஒன்றியம், பரப்பு, ஆக்கிரமிப்பு உண்டா, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் உள்ளன. இதை எங்கள் இணையதளத்தில் வரைபடமாகக் காட்ட வேண்டும். உரிமக் கட்டணம் செலுத்த வசதியில்லை. தேடினால் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களே ஒரு டஜன் வருகின்றன. எதை எடுப்பது?

பதில்: அந்த டஜனில் உங்களுக்கு வேண்டியவை இரண்டுதான். சமைக்கிற பாத்திரம் வேறு, பரிமாறுகிற இலை வேறு. தரவைச் சரிபார்த்து வரைபடமாக்க ஒரு மென்பொருள், அதை வாசகர் கண்முன் வைக்க இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித் தேடுவதால்தான் பட்டியல் நீள்கிறது.

சமைப்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கியூஜிஐஎஸ் எடுங்கள். 2002இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மென்பொருள் அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். புதிய பதிப்பு வேண்டாம். நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள்.

பரிமாறுவதற்கு லீஃப்லெட் போதும். உக்ரைன் நாட்டு நிரலர் ஒருவர் 2011இல் வெளியிட்ட சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இது, அதாவது இணையப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு. நானூறு புள்ளிகள் இதற்கு ஒரு சுமையே இல்லை. நிரல் எழுத ஆளில்லையா? கியூஜிஐஎஸ்ஸில் 'கியூஜிஐஎஸ்2வெப்' என்ற செருகுநிரலைச் சேர்த்தால், நீங்கள் வரைந்த படத்தையே லீஃப்லெட் பக்கமாக மாற்றித் தந்துவிடும். அதுவும் சிரமம் என்றால் 'யூமேப்' என்ற இணையச் சேவையில் கோப்பை ஏற்றி ஒரே மாலையில் முடிக்கலாம். அழகு மட்டும் சற்றுக் குறையும்.

ஜியோசெர்வர் (வரைபடம் வழங்கும் சர்வர் மென்பொருள்), போஸ்ட்ஜிஐஎஸ் (இடத்தரவுக்கான தரவுத்தளம்) என்றெல்லாம் யாராவது சொன்னால், வணங்கிவிட்டு நகருங்கள். அவை நல்ல கருவிகள்தான். பல பேர் ஒரே நேரத்தில் திருத்துகிற, இலட்சக்கணக்கான நில எல்லைகள் கொண்ட அலுவலகத்துக்கு வேண்டியவை. உங்களுக்கு அவற்றால் கிடைப்பது, மாதாமாதம் பராமரிக்க ஒரு சர்வர்.

லீஃப்லெட்டைப் போலவே இணையத்தில் வரைபடம் காட்டும் இன்னொரு நூலகமான மேப்லிப்ரேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் வரைபட நூலகத்தின் திறமூல உரிமத்தைக் கைவிட்டபோது, பழைய பதிப்பிலிருந்து பிரிந்து பிறந்தது அது. பல்லாயிரம் புள்ளிகளையும் வழுக்கிக்கொண்டு நகர்த்தும். ஆனால் எழுத்துகளை உலாவியின் வழக்கமான முறையில் எழுதாமல் தானே வரைகிறது. இதனால் தமிழ் போன்ற இந்திய எழுத்துகளில் அது நெடுங்காலமாகத் தடுமாறி வந்திருக்கிறது. எடுக்கும் முன் 'கொட்டாம்பட்டி' என்று ஒரு பெயரை இட்டுப் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் ஒழுங்காக நின்றால் சரி. கொம்பு இடம் மாறி நின்றால் லீஃப்லெட்டுக்கே திரும்புங்கள். லீஃப்லெட்டில் புள்ளியைத் தொட்டால் விரியும் குறிப்புப் பெட்டியின் எழுத்தை உலாவியே எழுதுவதால் இந்தத் தொல்லை இல்லை.

உண்மையில் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது மென்பொருள் அல்ல, அந்த எக்செல் கோப்பு. முதலில் பெயர்களைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையில் சேமிக்கவும் வேண்டாம். அதில் நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கில எழுத்துக் கணக்கில். ஜியோபேக்கேஜ் என்ற வகையை எடுங்கள்.

அடுத்தது எண்கள். 9 பாகை 55 நிமிடம் 30 விநாடி என்று கருவி காட்டியதைக் களப்பணியாளர் 9.5530 என்று எழுதியிருப்பார். சரியான தசம எண் 9.925. இந்த ஒரு பிழையால் மதுரைக் கண்மாய் சுமார் 41 கிலோமீட்டர் தெற்கே, விருதுநகர்ப் பக்கம் போய் விழும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் நெடுவரிசை மாறினால் இன்னும் வேடிக்கை: ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கருகே உங்கள் கண்மாய்கள் மிதக்கும். நானும் ஒருமுறை மிதக்கவிட்டிருக்கிறேன். லீஃப்லெட்டில் புள்ளியை நேரடியாக எழுதினால் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகை முதலில். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கண்மாயின் பரப்பை வட்டத்தின் அளவால் காட்டப்போகிறீர்கள் என்றால், ஆரத்தைப் பரப்புக்கு நேர்விகிதத்தில் வைக்காதீர்கள். 40 ஹெக்டேர் கண்மாய் 10 ஹெக்டேர் கண்மாயைவிட நான்கு மடங்குதான் பெரியது. ஆரத்தை நான்கு மடங்காக்கினால் கண்ணுக்குப் பதினாறு மடங்காகத் தெரியும். பரப்பின் வர்க்கமூலத்தை ஆரமாக எடுங்கள். ஒன்றியவாரியாக ஆக்கிரமிப்பை வண்ணத்தால் காட்டுவதானால் எண்ணிக்கையைக் காட்ட வேண்டாம்; நூற்றுக்கு எத்தனை என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் கண்மாய் அதிகமுள்ள ஒன்றியம் எல்லாமே குற்றவாளியாகத் தெரியும்.

உங்கள் புள்ளிகளுக்குக் கீழே தெரியும் அடித்தளப் படத்துக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பொருந்தும். மூலையில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற குறிப்பு இருந்தே ஆக வேண்டும். அது உரிம நிபந்தனை. அதன் படத்துண்டுகளை வழங்கும் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. சிறிய தளத்துக்குப் பயன்படுத்தலாம், மொத்தமாக இறக்கிச் சேமிக்கக் கூடாது. இன்னொன்று: அதில் இந்தியாவின் வட எல்லை இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்திருக்காது. அத்துறையின் படத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது நம் நாட்டில் தண்டனைக்குரியது. ஆகவே லீஃப்லெட்டில் குறைந்தபட்ச உருப்பெருக்க அளவையும் படம் நகரக்கூடிய எல்லையையும் அமைத்து, படம் மதுரை மாவட்டத்தைத் தாண்டி வெளியே விரியாதபடி கட்டிவிடுங்கள்.

முதலில் நானூறையும் ஏற்றாதீர்கள். நீங்கள் நேரில் போய்ப் பார்த்த இருபது கண்மாய்களை மட்டும் ஏற்றி, சாதாரணக் கைப்பேசியில் திறந்து, அந்தக் கரைகளில் ஒன்றில் நின்று பாருங்கள். வட்டம் தண்ணீருக்குள் இருக்கிறதா, சாலைக்கு அந்தப் பக்கம் வயலில் நிற்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.