இலவச உடற்கூறு மாடலில் அளவெடுக்கலாமா?

கேள்வி: பிசியோதெரபி கல்லூரியில் உடற்கூறியல் எடுக்கிறேன். இடுப்பெலும்புப் பாடத்துக்காக இசட்-அனாட்டமி என்ற இலவச முப்பரிமாண மாடலை இறக்கி வைத்திருக்கிறேன். ஆண், பெண் இடுப்பை ஒப்பிட்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறார்கள். இந்த மாடலிலேயே அளவெடுக்கலாமா?

பதில்: பாடம் நடத்தத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க மட்டும் வேண்டாம்.

இசட்-அனாட்டமிக்கு அடிப்படை, ஜப்பானில் உருவான பாடிபார்ட்ஸ்3டி தொகுப்பு. அது ஒரு ஜப்பானிய ஆணின் முழு உடல் எம்ஆர்ஐ தரவிலிருந்து தொடங்கியது. அந்தத் தரவின் நுணுக்கம் 2 மில்லிமீட்டர்தான். அதில் பிடிபடாததையெல்லாம் பாடநூல்களைப் பார்த்துக் கணினியில் கையால் வடித்துச் சேர்த்தார்கள். எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று காட்ட இது போதும். ஆனால் நீங்கள் அளக்கும் மேடு ஸ்கேனில் இருந்ததா, வரைந்தவர் கைவண்ணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவிர, எலும்புக்கூடு ஆணுடையது. எப்படிச் சுழற்றினாலும் பூப்பெலும்புக்கு (இடுப்பின் முன்பக்க எலும்பு) கீழேயுள்ள கோணம் பெண்ணுடையதைப் போல அகலமாக இல்லாமல் குறுகலாகத்தான் இருக்கும்.

சரி, பெண் உடலுக்கு எங்கே போவது? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹ்யூமன் தரவில் இருவரும் உண்டு. டெக்சஸில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒருவரின் உடலை உறையவைத்து, 1 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிச் சீவிப் படமெடுத்தார்கள், 1994இல் வெளியானது. அடுத்த ஆண்டு வந்த பெண் உடலுக்கு இடைவெளி 0.33 மில்லிமீட்டர். 2019 முதல் இதற்கு உரிம ஒப்பந்தமும் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மல்லாந்த நிலையில் உறைந்த உடல் என்பதால் பிட்டத் தசைகள் தட்டையாகியிருக்கும். பிசியோதெரபி மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் காட்டிவிடாதீர்கள். எப்படியானாலும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வைத்து ஒப்பிடுவது ஆய்வாகாது, பயிற்சிதான்.

ஆய்வு என்றால் மருத்துவமனை சி.டி. ஸ்கேன்கள்தான் வழி. நெறிமுறைக் குழு அனுமதி முதலில். கோப்புகளில் நோயாளியின் பெயர், எண் எல்லாம் பதிந்திருக்கும். அவற்றை நீக்கித் தரச் சொல்லுங்கள். ஃபிலிம் உதவாது, டைகாம் (மருத்துவ ஸ்கேன்களுக்கான கணினி வடிவம்) கோப்புகளாகவே வேண்டும். ஸ்லைஸ், அதாவது ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். 5 மில்லிமீட்டரில் வந்ததை மாடலாக்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு படிக்கட்டு மாதிரி வரும். அதை வழவழப்பாக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பார்வைக்கு அழகாகுமே தவிர, இல்லாத தகவல் வந்துவிடாது, விளிம்பும் நகர்ந்துவிடும்.

ஸ்கேனை முப்பரிமாண மாடலாக்க 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் திரெஷோல்டை, அதாவது எந்த அடர்த்திக்கு மேல் எடுப்பது என்ற எல்லையை, 200 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி. அடர்த்தி அலகு) சுமாருக்கு வைத்தால் எலும்பு பெரும்பாலும் தனியே வந்துவிடும். நேரம் தின்பது அதற்குப் பிறகுதான். தொடையெலும்பின் தலைக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவே உள்ள குருத்தெலும்பு மெல்லியது என்பதால், இரண்டு எலும்பும் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வரும். ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்த்துக் கையால் பிரித்தே ஆக வேண்டும். ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிய மருந்து செலுத்தி எடுத்த ஸ்கேன் என்றால் ரத்தக்குழாய்களும் எலும்போடு கலந்து வந்து நிற்கும். முடிந்தால் மருந்தில்லாத ஸ்கேனாகக் கேளுங்கள்.

அளவுகளை ஸ்லைசரிலேயே எடுத்துவிடுங்கள். மாடலை வெளியே எடுக்கும் எஸ்டிஎல் என்ற கோப்பு வடிவத்தில் அலகு பதிவாகாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்தால் 100 மில்லிமீட்டர் எலும்பு 100 மீட்டராக நிற்கும். திரையில் எதுவுமே இல்லாதது போலக்கூடத் தெரியலாம். இறக்குமதி செய்யும்போது 0.001 என்று அளவைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இசட்-அனாட்டமியை மாற்றியமைத்து வெளியே பகிர்வதானால், மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். வகுப்பில் காட்டுவதோடு சரி என்றால் இந்தக் கவலை வேண்டாம்.