குளிரிலும் ஈரத்திலும் ஹேமக் தூக்கம்: கேள்வி பதில்

மலைப்பக்கம் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டும் துணித் தூளி) கட்டி, மேலே கூரையாகத் தார்ப்பாய் போட்டுத் தூங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: “மழையே பெய்யவில்லை, ஆனால் காலையில் எல்லாம் நனைந்து கிடக்கிறது.” அதனால் இந்த முறை ஈரம் மட்டும்தான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். துணியை எடுத்துத் துடைப்பதற்கு முன்னால், ஈரம் எங்கே இருக்கிறது என்று கை வைத்துப் பாருங்கள். தார்ப்பாயின் உள்பக்கமா, போர்வையின் மேலா, முதுகுக்குக் கீழா? மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்த தண்ணீர். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

கேள்வி: டிசம்பரில் கொடைக்கானலில் நண்பரின் எஸ்டேட்டில் தங்கினோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. விடியற்காலையில் தார்ப்பாய்க்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். ஓட்டையா அண்ணா?

ஓட்டை இல்லை தம்பி, மேகம் இல்லாததுதான் காரணம். தெளிந்த இரவில் தார்ப்பாய் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. அதைத் தொடுகிற காற்று தன்னிடமிருக்கும் ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். ஜில்லென்ற மோர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதுதான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் எதிலாவது படிந்தே தீரும்.

இதற்கு இடம்தான் பாதி வைத்தியம். வெட்டவெளி ஓரத்தில் கட்டாமல், தலைக்கு மேல் இலை அடர்ந்த இடத்தில் கட்டுங்கள். இலைகள் வானத்தை மறைப்பதால் தார்ப்பாய் அவ்வளவு குளிராது. காய்ந்த கிளை ஏதும் தொங்குகிறதா என்று மட்டும் கட்டாயம் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் கட்ட வேண்டாம். குளிர்காற்று கனமானது, இரவில் கீழே இறங்கித் தேங்கும். ஊட்டியில் உறைபனி என்றாலே தலைக்குந்தா, காந்தல் என்று பள்ளமான இடங்களின் பெயர்தானே வருகிறது? கொஞ்சம் மேலே, சரிவில், ஓடையிலிருந்து ஒரு அறுபது எழுபது மீட்டராவது தள்ளிப் போனால் நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் தார்ப்பாயை உயர்த்திக் கட்டுங்கள். தாழ்வாகக் கட்டினால் ஈர மண்ணிலிருந்து எழும் ஆவியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். காற்று வராத பக்கத்தைத் திறந்து விடுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால், படிந்த நீர் உங்கள் மேல் சொட்டாமல் துணியோடு வழிந்து ஓரத்துக்குப் போய்விடும்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி ஜூலையில் நீலகிரியில் எல்லாப் பக்கமும் திறந்து வைத்தேன். முன்பைவிட மோசமாக நனைந்தேன். ஏன்? (பெங்களூரிலிருந்து)

ஜூலையில் நீங்கள் படுத்திருந்தது மேகத்துக்குள்ளே. மூடுபனியில் காற்று ஏற்கெனவே நிறைந்துபோய், நீர் திவலையாகவே மிதந்து வருகிறது. காற்றோட்டம் காயவைக்காது, தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். அந்த இரவில் காற்று வரும் பக்கத்தைத் தரைவரை இறக்குங்கள். தென்மேற்குப் பருவத்தில் அது பெரும்பாலும் மேற்குப் பக்கமாக இருக்கும். எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். மேகமில்லாத இரவில் திற, மேகத்துக்குள் இருந்தால் ஒரு பக்கம் மூடு. டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் துளிகள் பறப்பது தெரிந்தால் அது மூடுபனி.

கேள்வி: அண்ணை, நுவரெலியாப் பக்கம் போனனாங்கள். ஹேமக்குக்குக் கீழ கட்டுற பஞ்சுப் போர்வை, அதுதான் அண்டர்குயில்ட், முதுகுப் பக்கம் தொப்பலா நனைஞ்சு போச்சுது. மழைக்காக அதுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் சீட்டும் கட்டினனான்.

அந்த பிளாஸ்டிக் சீட்டைக் கழற்றிவிடுங்கள், பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல அண்டர்குயில்ட்டை வாங்கி இப்படித்தான் பலர் வீணாக்குகிறார்கள்.

உறங்கும்போது நாம் வியர்க்கவில்லை என்று நினைத்தாலும் தோலிலிருந்து நீராவி போய்க்கொண்டேதான் இருக்கும். முதுகிலிருந்து கிளம்பும் ஆவி ஹேமக் துணி வழியாக, அண்டர்குயில்ட்டின் பஞ்சு வழியாக வெளியே போக வேண்டும். கடைசி அடுக்கு பிளாஸ்டிக்காக இருந்தால், அது அந்தக் குளிர்ந்த சுவரில் முட்டித் தண்ணீராகிறது. இரவு முழுக்க அந்தத் தண்ணீரைப் பஞ்சு குடிக்கிறது. பஞ்சு நனைந்தால் உப்பல் குறையும், உப்பல் குறைந்தால் குளிர் ஏறும். வெள்ளி நிறத்தில் விற்கிற அவசரகாலப் போர்வையைக் கீழே கட்டுவதும் இதே கதைதான்.

மழைச் சாரலுக்கு என்ன செய்வது? அகலமான தார்ப்பாய்தான் சரியான பதில். ஹேமக்கின் இரு நுனிகளையும் தாண்டி, ஒவ்வொரு பக்கமும் ஒரு அடியாவது நீள வேண்டும். அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால், மூச்சு விடுகிற மெல்லிய நைலான் உறை கிடைக்கிறது. அதையும் அண்டர்குயில்ட்டோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்.

நனைந்த உடுப்போடு படுப்பதையும் தவிர்க்கவும். உங்கள் சூட்டில் அது காய்கிறதுதான், ஆனால் அந்த ஈரம் முழுக்க அண்டர்குயில்ட்டுக்குள் போகிறது. படுக்க மட்டும் ஒரு சோடி உலர்ந்த உடுப்பைத் தனிப் பையில் வைத்திருங்கள்.

கேள்வி: அண்டர்குயில்ட் வாங்க வசதி இல்லை. ஃபோம் மேட்தான். அதன் மேல்பக்கம் நசநசவென்று இருக்கிறது.

அது உங்கள் வியர்வை. ஃபோம் ஆவியைக் கடத்தாது, அதனால் மேலேயே தங்குகிறது. மெல்லிய ஃப்ளீஸ் துணி ஒன்றை விரித்து, மேலே ஒரு சட்டையைக் குறைத்துப் படுங்கள். இரண்டடுக்கு ஹேமக் என்றால் மேட்டை இரண்டு துணிகளுக்கும் நடுவில் செருகலாம். வருத்தப்பட வேண்டாம். ஃபோம் தண்ணீர் குடிக்காது, காலையில் ஒரு உதறு உதறினால் முடிந்தது. ஈரமான மலைக்கு இது நல்ல பொருள் என்றே சொல்வேன்.

கேள்வி: சியாட்டிலில் இருக்கிறேன். ஒலிம்பிக் தீபகற்பத்தில், ஹோ மழைக்காட்டுப் பக்கம் போவோம். ஹேமக்கின் மேல்மூடியை முழுக்க ஜிப் போட்டால் கதகதப்பாக இருக்கிறது, ஆனால் முகத்துக்கு மேல் சொட்டுகிறது.

உங்கள் மூச்சுதான் சொட்டுகிறது. முகத்துக்கு நேர் மேலே ஒரு தட்டு அளவுக்காவது திறந்திருக்க வேண்டும். முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். மூச்சுக் காற்று போர்வையைத்தான் நனைக்கும். தலைக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர், மூக்கும் வாயும் வெளியே. உறைநிலைக்குக் கீழே போகாத ஈரக் குளிரில் மேல்மூடியே தேவையில்லை என்பது என் கருத்து. வெறும் கொசுவலை போதும்.

தார்ப்பாய்க்குள் அடுப்பு வைத்துச் சமைக்கிறீர்களா? கொதிக்கிற ஆவி நேராக மேலே போய்ப் படியும். தார்ப்பாயை எல்லாப் பக்கமும் மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. அடுப்பு வெளியில்தான்.

கேள்வி: நடு ராத்திரியில் தார்ப்பாய் தொங்கிப் போய் முகத்தில் படுகிறது.

உங்களுடையது சில்நைலானாக (சிலிகான் பூசிய நைலான்) இருக்கும், அது ஈரத்தில் நீளும். படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள், ஓரக் கயிறுகளில் ரப்பர் வளையம் சேர்த்தால் தானாக இழுத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவதானால் சில்பாலி (சிலிகான் பூசிய பாலியஸ்டர்). அது அவ்வளவு நீளாது.

கேள்வி: மூன்று இரவு ட்ரிப். டவுன் (வாத்தின் மெல்லிறகு அடைத்த) போர்வையா, சிந்தெடிக்கா (செயற்கைப் பஞ்சு)?

ஒரு இரவு என்றால் டவுன். மூன்று இரவும் மேகத்துக்குள் என்றால் சிந்தெடிக். டவுன் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளும். நடுவில் வெயிலில் காயவைக்க வழியில்லாவிட்டால் மூன்றாம் இரவு அது கைவிட்டுவிடும். டவுன்தான் இருக்கிறது என்றால், மதியம் வெயில் தலைகாட்டும் அரை மணி நேரத்தை விடாதீர்கள். சாப்பிட உட்காரும்போதே விரித்துப் போடுங்கள்.

கேள்வி: காலையில் எல்லாம் ஈரம், ஆனால் கிளம்பியாக வேண்டும். எப்படி மடிப்பது?

போர்வையையும் அண்டர்குயில்ட்டையும் முதலில், தார்ப்பாய் தலைக்கு மேல் இருக்கும்போதே, தண்ணீர் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள். தார்ப்பாய் கடைசி. மைக்ரோஃபைபர் துண்டால் உள்பக்கத்தை மெதுவாக ஒற்றி எடுத்துப் பிழிந்தால் நிறையத் தண்ணீர் போய்விடும். பிறகு அதைச் சுருட்டி, முதுகுப்பைக்கு வெளியே உள்ள வலைப்பையில் வையுங்கள். வீடு திரும்பிய அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மொட்டைமாடிக் கொடியில் நிழலாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணியென்றால் நாளடைவில் பூச்சே பிசுபிசுத்து உரியும், அதைச் சரிசெய்ய முடியாது.