வாடகை சர்வரில் பிராசசர் யாருடையது?
கணினி கேள்வி – பதில்

கேள்வி: பாளையங்கோட்டையில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான சிறிய பயிற்சி மையம் நடத்துகிறோம். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு இணையவழி மாதிரித் தேர்வு நடக்கும். இரண்டு வி.சி.பி.யு. (மெய்நிகர் பிராசசர்) கொண்ட மெய்நிகர் சர்வரை (ஒரே நிஜ இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு பங்கு) மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மற்ற நாட்களில் குறை இல்லை, ஞாயிறு 10.20 ஆனதும் வினாத்தாள் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. நிறுவனத்தாரைக் கேட்டால், “உங்கள் இரண்டு பிராசசரும் நன்றாகத்தான் ஓடுகின்றன” என்கிறார்கள். அவை எங்களுக்கு மட்டுமே உரியவையா, பிறருடன் பங்கு போட்டவையா என்பதை எப்படி அறிவது? கடந்த ஞாயிறு அந்த நேரத்தில் பிராசசர் நேரம் எதில் எத்தனை சதவீதம் போகிறது என்று ‘டாப்’ கட்டளை காட்டிய வரி இது: யு.எஸ். 38, எஸ்.ஒய். 9, ஐ.டி. 6, டபிள்யு.ஏ. 1, எஸ்.டி. 46.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கடைசியில் உள்ள எஸ்.டி. என்பது ‘ஸ்டீல்’ என்பதன் சுருக்கம். உங்கள் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியில் உள்ள நிஜ பிராசசர் வேறொருவருக்குப் போய்விட்டதால் காத்துக் கிடந்த நேரத்தை அது குறிக்கிறது. உங்கள் சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் 2.6.11 பதிப்பிலிருந்தே இந்தக் கணக்கு வைக்கப்படுகிறது. உங்கள் எண்களைக் கூட்டிப் பாருங்கள்: வேலையில் கழிந்தது, நிரல்களுக்கான (யு.எஸ்.) 38-உம் லினக்ஸின் சொந்த வேலைக்கான (எஸ்.ஒய்.) 9-உம் சேர்ந்து 47; காத்திருப்பில் போனது 46. மீதியில் ஐ.டி. சும்மா இருந்த நேரம், டபிள்யு.ஏ. டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம். ஆக, கேட்ட 93 பங்கில் கைக்கு வந்தது 47 மட்டுமே. இரண்டு வி.சி.பி.யு.வுக்குப் பணம் கட்டிவிட்டு, தேர்வு நேரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். இது பகிர்வு முறைத் திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஸ்டீல் இரண்டு காரணங்களால் வரும். நிறுவனத்தாரிடம் பேசப் போகும் முன் எது என்று தெரிந்திருப்பது நல்லது. முதலாவது, அக்கம்பக்கத்து நெருக்கடி. ஒரு நிஜ இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்துத் தரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். கே.வி.எம். போன்ற ஹைப்பர்வைசரைப் பொறுத்தவரை உங்கள் வி.சி.பி.யு. ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கும் ஒரு வேலை, அவ்வளவே. 64 த்ரெட் (அதாவது ஒரே வேளையில் 64 வேலைகளை ஓட்டும் வசதி) உள்ள ஓர் இயந்திரத்தில் 200 வி.சி.பி.யு. விற்றிருந்தாலும், எல்லோரும் ஒரே வேளையில் கேட்காதவரை ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது, நிறுவனமே வைத்திருக்கும் அளவு. அமேசானின் வாடகை சர்வர்களில் டி2 மைக்ரோ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வி.சி.பி.யு. உண்டு, ஆனால் நிலையாக உறுதியளிக்கப்படுவது அதில் 10 சதவீதம் மட்டுமே. மணிக்கு 6 கிரெடிட் வரவு. ஒரு கிரெடிட் என்பது ஒரு நிமிட முழு ஓட்டம். சேமிப்பின் உச்சவரம்பு 144. முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 60 செலவாகி 6 வரவாகும், அதாவது நிகரமாக 54 குறையும். நிறைந்த சேமிப்பும் 2 மணி 40 நிமிடத்தில் தீர்ந்து, சர்வர் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, திட்டத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வாங்குவோர்தாம் ‘1’ என்ற எண்ணோடு நின்றுவிடுகிறோம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, வரும் ஞாயிறு 9.30 முதல் 12 வரை இதே எண்களைத் தொடர்ந்து காட்டும் ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, நேரத்துடன் ஒரு கோப்பில் சேமியுங்கள். அது காட்டும் முதல் வரி, சர்வர் இயங்கத் தொடங்கியதிலிருந்து உள்ள சராசரி. அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள். தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரம் எஸ்.டி. பூஜ்யத்தை ஒட்டியிருந்து, பிறகு சட்டென ஏறி ஒரே மட்டத்தில் நின்றால், கிரெடிட் தீர்ந்துவிட்டது அல்லது நிறுவனம் வைத்த வரம்பு முட்டிவிட்டது என்று கொள்ளலாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதோடு தொடர்பே இல்லாமல் ஏறி இறங்கினால் அது பக்கத்து வாடகைதாரர்களின் வேலை. நீங்கள் எழுதியிருக்கும் ‘10.20’ எனக்குக் கிரெடிட் அல்லது வரம்பு வகையைத்தான் நினைவூட்டுகிறது. ஆயினும் ஒரே வரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எஸ்.டி. பூஜ்யம் என்று காட்டினால் உடனே நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. சில ஹைப்பர்வைசர்கள் இந்தக் கணக்கை உள்ளே இருக்கும் சர்வருக்குச் சொல்வதே இல்லை. அப்போது கடிகாரத்தை நம்புவதே வழி: வேகத்தை அளக்கும் ‘சிஸ்பெஞ்ச்’ கருவியில் ஒரே அளவான கணக்கைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு முழு நாள் ஓட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். தனி ஒதுக்கீடாக இருந்தால் அதிகாலை 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு சீர் என்பதைப் பாருங்கள். கிரெடிட் முறைத் திட்டமாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனையே உங்கள் சேமிப்பைத் தின்றுவிடும். ஆகையால் சனிக்கிழமை செய்யாதீர்கள்.

வாரத்தில் மூன்று மணி நேரத்துக்காக மாதம் முழுவதும் தனி ஒதுக்கீட்டுக்கு வாடகை கொடுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பல நிறுவனங்கள் மணிக்கணக்கில்தான் பணம் வாங்குகின்றன. சனி இரவு சர்வரை நிறுத்தி, தனி ஒதுக்கீட்டுத் திட்டத்துக்கு மாற்றி, ஞாயிறு மாலை திரும்ப இறக்கிக்கொள்ளலாம். மாற்றும்போது பிராசசரையும் ரேமையும் மட்டும் கூட்டுங்கள். டிஸ்க்கைக் கூட்டினால் பெரும்பாலும் குறைத்துக்கொண்டு பழைய திட்டத்துக்குத் திரும்ப முடியாது.

கேள்வி: விளம்பரத்தைப் பார்த்தே பகிர்வுத் திட்டத்தையும் தனி ஒதுக்கீட்டுத் திட்டத்தையும் பிரித்தறிய முடியுமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: ஓரளவு முடியும். சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களில், டிஜிட்டல்ஓஷனில் ‘பேசிக்’ என்றால் பகிர்வு, ‘ஜெனரல் பர்பஸ்’ என்றால் தனி ஒதுக்கீடு. ஹெட்ஸ்னரில் சி.எக்ஸ். பகிர்வு, சி.சி.எக்ஸ். தனி. லினோடில் ‘ஷேர்டு’, ‘டெடிகேட்டட்’ என்று பெயரிலேயே வெளிப்படையாக இருக்கும். கூகுளின் இ2 மைக்ரோவில் இரண்டு வி.சி.பி.யு. கண்ணுக்குத் தெரிந்தாலும், நிலையாகக் கிடைப்பது இரண்டும் சேர்ந்து ஒன்றில் கால் பங்குதான். பெயரில் ஒன்றும் இல்லாமல் விலை மட்டும் மிகக் குறைவாக இருந்தால், பகிர்வு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் முறை வைத்து வரும், கடைமடைக்காரருக்கு எப்போதும் குறைதான். தனி ஒதுக்கீட்டு சர்வர் என்பது சொந்தக் கிணறு போலவா? அதை எடுத்துவிட்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லையா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: நல்ல உவமை, அதையே இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். கிணறு உங்களுடையது, ஊற்று ஊருக்குப் பொது. தனி ஒதுக்கீடு என்று சொல்லும்போது ஒதுக்கப்படுவது பிராசசரின் நேரம். அந்த பிராசசரின் மூன்றாம் நிலைக் கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள சிறு வேக நினைவகம்), ரேமுக்குச் செல்லும் பாதை, டிஸ்க், நெட்வொர்க் ஆகியவை பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும். பக்கத்துக் கிணற்றில் பெரிய மோட்டார் ஓடினால் உங்கள் நீர்மட்டம் சற்று இறங்குவது போல, எஸ்.டி. பூஜ்யமாக இருக்கும்போதே வேலை கொஞ்சம் மந்தமாகலாம். பகிர்வுத் திட்டத்தில் நேரும் அளவுக்கு அது இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசசர்கள் பலவற்றில், ஹைப்பர்த்ரெடிங் 2002-இல் வந்தது முதல், ஒரு கோர் (பிராசசருக்குள் நிஜமாகக் கணக்கிடும் பகுதி) இரண்டு த்ரெட்டாகக் காட்சி தருகிறது. வாடகைக்கு விடும்போது வழக்கமாக ஒரு வி.சி.பி.யு. என்பது ஒரு த்ரெட். ஆகவே ‘தனி ஒதுக்கீடு, 2 வி.சி.பி.யு.’ என்பது பல இடங்களில் ஒரே ஒரு கோர் என்றுதான் பொருள்படும். ‘எல்எஸ்சிபியு’ கட்டளையில் ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்ற வரி இருக்கும். அங்கே 2 என்றிருந்தால் உங்களிடம் இருப்பது அதுதான். 1 என்றிருந்தால் மட்டும் உறுதி என்று கொள்ள முடியாது. ஹைப்பர்வைசர் உண்மை அமைப்பை மறைத்தும் காட்டலாம். நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை.

கேள்வி: எங்கள் அப்பளக் கடையின் ஆர்டர் தளம் மெதுவாக இருக்கிறது. நண்பர் ஒருவர் தனி ஒதுக்கீட்டு சர்வருக்கு மாறச் சொல்கிறார். டாப்பில் லோடு ஆவரேஜ் 6, எஸ்.டி. 0, டபிள்யு.ஏ. 35, ஐ.டி. 50 என்று வருகிறது. மாறலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம். பிராசசர் பாதி நேரம் சும்மா இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நேரம் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. லினக்ஸில் லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) என்பது டிஸ்க்குக்காகக் காத்திருப்போரையும் சேர்த்து எண்ணுவதால்தான் 6 வரை போயிருக்கிறது. டேட்டாபேஸில் எந்த வினவல் நேரம் எடுக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரேம் போதாமல், டிஸ்க்கில் ஒதுக்கிய மாற்று நினைவிடமான ஸ்வாப்புக்குப் போகிறதா என்பதை விஎம்ஸ்டாட்டின் எஸ்.ஐ., எஸ்.ஓ. பத்திகள் சொல்லிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றைச் செய்தேன். சந்தாதாரர் பட்டியல் திறக்க நேரமாகிறது என்று தனி ஒதுக்கீட்டுத் திட்டத்துக்கு மாறி, மூன்று மாதம் இரட்டை வாடகை கட்டிய பிறகே, பின்கோடு பத்திக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) போடாமல் விட்டிருந்தது தெரிந்தது. அதைப் போட ஒரே வரி போதுமாக இருந்தது. பழைய திட்டத்துக்குத் திரும்பலாம் என்றால், மாறும்போது டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டியிருந்தேன். புது சர்வர் ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.