இரண்டாவது முகடு பெருசாத்தான் இருக்கணும்

பட்டர்வொர்த் தம்பிக்கு,

டேட்டா லாகரை (மின்னழுத்தத்தைப் பதியற கருவி) மாத்தாதீங்க, அது பழுதாகலை. காந்தம் கம்பிச் சுருளுக்குள்ள விழும்போது வரைபடத்துல ரெண்டு முகடும் சமமா வராம, கீழ்நோக்கின ரெண்டாவது பெருசா வருதேன்னு கேட்டிருக்கீங்க. அப்படித்தான் வரணும். சுருள் வழியா போற காந்தப்புலத்தோட மொத்த அளவு, அதாவது பாயம், எவ்வளவு வேகமா மாறுதோ, அவ்வளவு மின்னியக்கு விசை (சுருள்ல தூண்டப்படற மின்னழுத்தம்). ஃபாரடே 1831-இல் கண்டது இதுதான். உங்க 10 செ.மீ. நீளச் சுருளுக்கு 10 செ.மீ. மேலேயிருந்து விட்டா, காந்தம் நுழையறப்ப வேகம் ஏறக்குறைய 1.4 மீ/வி, வெளியேறறப்ப 2 மீ/வி. அதனால ரெண்டாவது முகடு சுமார் 1.4 மடங்கு உயரம், ஆனா ஒடுக்கம்.

ரெண்டுக்கும் கீழே உள்ள பரப்பை மென்பொருள்ல எடுத்துப் பாருங்க. சமமா வரும்! உள்ளே வந்த பாயம் முழுசும் வெளியே போயாகணுமே. இந்தச் சோதனையோட உயிரே அங்கதான் இருக்கு. அறிக்கையில கட்டாயம் எழுதுங்க.

ஒரு முகடு மேலேயும் இன்னொண்ணு கீழேயுமா குறி மாறுறது லென்ஸ் விதி: தூண்டப்படற மின்னோட்டம் பாயத்தோட மாற்றத்தை எதிர்க்கும்.

அடுத்து 1 மீட்டர் உயரத்திலேயிருந்து விடுங்க, முகடுகள் கிட்டத்தட்ட சமமாயிடும். அப்ப விநாடிக்கு 1000 அளவீடாவது வையுங்க, இல்லன்னா உச்சி தப்பிடும். கீழே தடித்த துணி போடுங்க, நியோடிமியம் காந்தம் சட்டுன்னு உடையும்.